டம்ளருக்குள் இறங்கிய வெள்ளை நூல்

குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றுதான் கேட்டார் அந்தோணி அண்ணன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

நூர்ஜஹான் அக்கா உள்ளே போய், வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதை வாயருகே கொண்டுபோகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நெல் இலையை எடுத்தார். சற்று முன்பு அந்த வீட்டு நாற்றங்காலில் பறித்தது. நுனி வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டினார். வெட்டுவாய் தண்ணீரில் படும்படி டம்ளருக்குள் விட்டு, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

வாசலில் நின்ற அக்கம்பக்கத்து விவசாயிகள் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. தண்ணீரில் பால் சொட்டியது போல மெதுவாகக் கலங்கியது.

"பாத்துக்குங்கய்யா! பாய் குடுத்த நாத்துலதான் சீக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டு அண்ணன் இறங்கி நடந்தார். கூட்டமும் பின்னால் போனது. நூர்ஜஹான் அக்கா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் ஜமால் பாய் என்னிடம் திரும்பினார்.

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க தங்கச்சி. அது சீக்குதானா?"

"ஆமாங்க பாய். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எனக்கோ நிலைகொள்ளவில்லை. நானும் அந்தோணி அண்ணனும் ஒரே ஜீப்பில் வந்தவர்கள். அவர் என் பெரியப்பா மகன்.

யார் இந்த ஜமால் பாய்?

தா.பழூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டு நிலமெல்லாம் நெல். அந்த ஊரில் குடும்பத்தோடு வாடகைக்குக் குடிவந்து, குத்தகைக்கு இடம் பிடித்து, பச்சை வலைக் கூடாரம் போட்டு, தட்டுகளில் நாற்று வளர்த்து விற்றவர் ஜமால் பாய். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வாலிபம் முழுவதும் ஷார்ஜாவில் கழிந்துவிட்டது. பிள்ளைகளின் பேச்சைப் போனில் கேட்டே வளர்த்துவிட்டோம், போதும் என்று திரும்பி வந்தவர்.

நடவுக்கு ஆள் கிடைக்காத காலம். மிஷின் நடவுக்குத் தட்டு நாற்று வேண்டும். பாயின் நாற்று ஒரே உயரத்தில், விளக்குமாறு போலச் சிலிர்த்து நிற்கும். முதல் பருவத்தில் ஊரே அவரைக் கொண்டாடியது. இரண்டாவது பருவத்தில் ஒரு காற்று மழை அடித்து ஓய்ந்ததும் வயல்கள் கருகத் தொடங்கின. பாக்டீரியா இலைக்கருகல் நோய். நுனியில் தொடங்கி, ஓரத்தில் அலை அலையாக இறங்கி, பயிரை வைக்கோலாக்கிவிடும்.

ஊர் உடனே யோசித்தது: புதிதாக வந்தது எது? பாயின் நாற்று.

"ஷார்ஜாவுல கூட்டாளி விசா எடுத்து வச்சிருக்கான். வா வான்னு கூப்புடுறான். போகக் கூடாதுன்னுதான் இருக்கேன். எம் பேரு கெட்டுப்போச்சுன்னா இந்த ஊர்ல ஒரு தட்டு நாத்து விக்க முடியாது. நீங்க நல்லா டெஸ்ட் பண்ணிப் பாத்து சொல்லுங்க. எம் மேலதான் தப்புன்னா நானே போயிடறேன்" என்றார் பாய்.

தட்டிலிருந்து சில இலைகளைப் பறித்துக் காகித உறையில் போட்டுக்கொண்டேன். கருகிய வயல்களிலும் ஒவ்வொன்றாக இறங்கி எடுத்தேன். அண்ணன் வயலிலும் எடுத்தேன்.

"என் வயலு எதுக்கு?" என்றார் அண்ணன்.

"எல்லாம்தான் வேணும்."

"பாய் நாத்து நட்ட வயலு மட்டும் போதும்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த போலீஸ் வேலை

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன கதை.

வரதராஜன்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆசிரியர்கள். எனவே கேள்விக்குப் பஞ்சமில்லை. "ஸ்டெல்லா என்ன வேலை பாக்குது?" என்று யாரோ கேட்க, "டிஎன்ஏ கைரேகை எடுக்குது" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். நான் போலீசில் சேர்ந்துவிட்டதாக ஊர் முடிவு செய்தது. பூசை முடிந்து வெளியே வருகிறேன், ஒரு மாமா என்னை ஓரமாக அழைத்துக் காணாமல்போன தன் பைக்கைப் பற்றி விசாரிக்கிறார்.

இன்னொரு அத்தைக்கு வேறு சந்தேகம். "டிஎன்ஏன்னா அப்பன் யாருன்னு பாக்கறதுதானே? செடிக்கு எதுக்குடி அதெல்லாம்?"

செடிக்கு இல்லை அத்தை, செடியின் நோய்க்கு. நோயைக் கொண்டுவருகிற பாக்டீரியா ஒரே இனம்தான். ஆனால் ஒரே இனத்துக்குள் பல குடும்பங்கள். வெள்ளாற்றுப் பக்கம் ஒன்று, கொள்ளிடப் பக்கம் ஒன்று, ஒரே வரப்பின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்றுகூட இருக்கும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அப்போது என் வேலை. அது தெரியாமல் நோய் தாங்கும் ரகம் என்று ஒரு நெல்லைப் பரப்பினால், ஒரு குடும்பத்தை மட்டும் தடுத்துவிட்டு மற்றவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும்.

டம்ளர் சோதனை இனத்தை மட்டும்தான் காட்டும். குடும்பத்தைக் காட்டாது. பாய் வீட்டு வாசலில் நான் சொல்ல வந்த 'ஆனா' அதுதான்.

உட்கார முடியாதவள்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்குவதற்குள் மூன்று முறை அடுப்பை எட்டிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி பாக்டீரியா வளர்க்கும் வேலைக்கு வந்தது கடவுள் செய்த கேலி என்று ஆய்வுக்கூடத் தோழி ஹேமா சொல்வாள்.

இலையைச் சுத்தப்படுத்தி, நசுக்கி, கண்ணாடித் தட்டில் தீட்டிவிட்டால் முதலில் வருவதெல்லாம் வேண்டாத விருந்தாளிகள்தான். நமக்கு வேண்டியது சாவகாசமாக வரும். மஞ்சளாக, வழவழவென்று, தேன் துளி போல. அதைத் தொட்டு வேறு தட்டில் தீட்டி, மறுபடி வேறு தட்டில் தீட்டி, கலப்பில்லை என்று உறுதியான பிறகுதான் டிஎன்ஏ எடுக்க முடியும்.

இதற்கிடையே ஊரிலிருந்து போன்.

"தங்கச்சி, ஏதாச்சும் தெரிஞ்சுதா?" பாய் கேட்பார்.

"இன்னும் இல்லீங்க பாய். கொஞ்சம் பொறுங்க."

பொறு என்று சொல்கிறவள் நகம் கடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அடுத்த பருவத்துக்கு அவரிடம் நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மகளுக்குக் கல்யாணம், சாகுபடி இல்லை என்று காரணம் சொன்னாராம். மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியவில்லை என்று பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிடிக்காமல் போனை வைத்துவிட்டேன்.

டிஎன்ஏவில் சில சின்னத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அந்த இடைப்பகுதிகளை மிஷினில் பல மடங்காகப் பெருக்கி, ஜெல் என்கிற கடற்பாசிக் கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட வேண்டும். சின்னது முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். புற ஊதா விளக்கில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். ஒரே குடும்பமென்றால் கோடுகள் ஒரே வரிசையில் நிற்கும்.

முதல் ஜெல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இரண்டாவது ஜெல்லில் கோடே இல்லை, சாம்பல் பூசிய மாதிரி ஒரு தீற்றல். எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலில் வருகிற அழுகை.

"உக்காருக்கா. நீ நடந்தா அது வேகமா ஓடப்போவுதா?" என்றாள் ஹேமா.

"அங்க ஒரு மனுசன் பொட்டி கட்டிட்டிருக்கார்டி."

"அதுக்கு? தப்பான ரிசல்ட்ட சீக்கிரமா குடுத்தா பொட்டிய எறக்கி வச்சுடுவாரா?"

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.

நாங்கள் கேட்காத கேள்வி

மூன்றாவது ஜெல் ஒழுங்காக ஓடியது. விளக்கைப் போட்டதும் ஹேமாதான் முதலில் குனிந்தாள்.

"இந்தப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்குக்கா. இது மட்டும் தனியா நிக்குது. இது யாரு?"

அது ஜமால் பாயின் தட்டு நாற்று. மற்றதெல்லாம் கருகிய வயல்கள். அண்ணன் வயல், அடுத்த வயல், அதற்கடுத்த வயல், எல்லாவற்றிலும் கோடுகள் தோளோடு தோள் உரசி நின்றன. பாயின் கோடுகள் ஓரிடத்திலும் அவற்றோடு சேரவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவள் குழம்பிப்போனேன். பாயின் தட்டில் இருந்தது வேறு குடும்பம். விற்காமல் நின்று முற்றிப்போன தட்டுகளை மழை அடித்தபோது வந்திருக்கலாம். சரி. ஆனால் அண்ணன் வயலில் நட்டது பாயின் நாற்று அல்லவே. அவர் சொந்த நாற்றங்காலில் விதைத்து, ஆள் வைத்துக் கை நடவு செய்தவர். மற்றவர்கள் பாயின் நாற்றை மிஷினில் நட்டவர்கள். இந்த இரண்டு தரப்பையும் ஒரே குடும்பத்துப் பாக்டீரியா எப்படிப் பிடித்தது?

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கல்லங்குறிச்சியில் தேர் என்று அரியலூரில் கூட்டம் நெரிந்தது. சிமெண்ட் லாரிகள் ஒரு பக்கம், பூக்கூடையோடு பெருமாளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் எங்கள் பஸ். இறங்கி நடந்தே போய்விடலாமா என்று பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுப் பெண், "ஒடம்புக்கு என்னம்மா பண்ணுது?" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

வயலுக்குப் போய்ச் சேர்ந்ததும் மிஷின் நட்ட வயல்களை மறுபடி சுற்றினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நோய் எல்லா வயல்களிலும் மூலைகளில்தான் முற்றியிருந்தது. நடவு மிஷின் மூலைகளில் திரும்பாது. அந்த இடத்தைக் கையால்தான் நட வேண்டும்.

"இந்த மூலையில என்ன நாத்துண்ணே நட்டீங்க?" என்று ஒரு விவசாயியிடம் கேட்டேன்.

"மூலைக்கா? அது சும்மா... அந்தோணி வரப்புல கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தோம்."

"அன்னைக்குக் கேட்டப்ப பாயோட நாத்துன்னுதானே சொன்னீங்க?"

"வாங்குனது பாய்கிட்டதானே தங்கச்சி! இது மீதி நாத்து. இதெல்லாம் ஒரு கணக்கா?"

எங்கள் பக்கத்தில் நடவு முடிந்து மிஞ்சிய நாற்றுக் கட்டுகளை, முடி என்போம், வரப்பில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கக்கூட வேண்டாம். அண்ணன் ஒருபடி மேலே போய், 'எடுத்துக்குங்கய்யா' என்று கூப்பிட்டுக் கொடுப்பார். வாங்கிய நாற்றுக்குத்தான் ஊரில் பெயர் உண்டு. சும்மா வந்த நாற்றை யாரும் நாற்றாகவே நினைக்கவில்லை. என்ன நாற்று நட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்ட எனக்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று தோன்றவில்லை.

அண்ணனிடம் போனேன். நாற்றைப் பறித்த பிறகு என்ன செய்தார் என்று கேட்டேன்.

"நுனியில தண்டுப்புழு முட்டை வைக்கும்ல, அதுக்காக முடி முடியா நுனிய அறுத்துட்டுத்தான் நட்டோம். வழக்கமா செய்யறதுதான்."

"எல்லா முடியும் ஒரே அருவாளா?"

"ஒரு அருவாதான். ஏன்?"

ஒரு நாற்றில் நோய் இருந்தால் போதும். அந்த அரிவாள் அத்தனை வெட்டுவாய்க்கும், வரப்பில் போட்ட மீதி முடிகளுக்கும் சேர்த்து, அதைத் தடவிக்கொண்டே போயிருக்கும். போனில் ஜெல் படத்தைக் காட்டி விளக்கினேன். அண்ணன் முகம் கறுத்தது.

"நான் சும்மா குடுத்தத குத்தம் சொல்றியா? ஒரு பைசா வாங்கியிருப்பேனா? போ, உன் டவுன் படிப்ப அங்கயே வச்சுக்க."

தன் வயலும் கருகிப்போன மனிதர். அவர்மீது கோபம் வந்ததைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. ஆனால் எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. பாயின் கூடாரத்துக்கு ஓடினேன்.

வலையைக் கழற்றியிருந்தார்கள். கம்பிகள் மட்டும் நின்றன.

எந்தக் கோடு என்னுது?

பாயின் போன் அணைந்திருந்தது. லப்பைக்குடிக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நூர்ஜஹான் அக்கா கதவைத் திறந்தார்.

"பிள்ளைங்களோட வாப்பா காலையிலேயே ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாங்க தங்கச்சி." பாயைத்தான் சொன்னார்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். எவர்சில்வர் சொம்பில். நான் அதைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: "கண்ணாடி கிளாஸ்ல யாருக்கும் குடுக்கறதில்ல இப்ப. அன்னைக்கிலேர்ந்து கை வரமாட்டேங்குது."

"பாய் மேல தப்பில்லக்கா. ரிசல்ட் வந்துடுச்சு."

அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அல்லாஹ்வே, இத நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

படத்தைப் பாயின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. பின்னணியில் வண்டிகளின் ஹாரன் சத்தம்.

"தங்கச்சி, படம் பாத்தேன். ஒன்னும் புரியல. இதுல எந்தக் கோடு என்னுது?"

சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன். எதோடும் சேராமல் தனியாக நிற்கிறது பாருங்கள், அதுதான் உங்களுடையது என்று எழுதினேன்.

அடுத்த நாள் பார்க்கிறேன், வாட்ஸ்அப்பில் அவருடைய படமாக அந்த ஜெல்லை வைத்திருந்தார், சிவப்பு வட்டத்தோடு. அங்கே இருக்கிற கூட்டாளிகள் அது என்னவென்று கேட்டால், "எங்க ஊர்ல எனக்குக் குடுத்த சர்டிபிகேட்டு" என்று சொல்வாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் ஏறிய பிறகு கொடுத்த சர்டிபிகேட்.

கண்ணாடி டம்ளர்

அந்தோணி அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் பாயின் வாட்ஸ்அப்பில் இருந்த அந்தப் படத்தைத் தன் போனில் தினம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அண்ணி சொன்னார். பாயின் நம்பரை அவர் அழிக்கவில்லை.

அடுத்த நடவுப் பருவம் வந்தது. நான் ஊருக்குப் போனபோது அண்ணன் வரப்பில் மிஞ்சிய நாற்று முடிகள் கிடந்தன. நுனி அறுக்காத நாற்று. ஒரு விவசாயி வழக்கம்போல எடுக்கக் குனிந்தார்.

"எடுக்காதய்யா" என்றார் அண்ணன். "போன தடவ உன் மூலையில கருகுனது என் நாத்து. பாயோடது இல்ல. இன்னும் தெரியாதவன் இருந்தா அவன்கிட்டயும் சொல்லு."

சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "லப்பைக்குடிக்காட்டுக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

வழி முழுக்க அண்ணன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான்தான் வழக்கம்போல ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவர் திட்டிவிட்டு இறங்கிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

நூர்ஜஹான் அக்கா கதவைத் திறந்தார். அண்ணனைப் பார்த்ததும் கை நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை. அண்ணனும் படியேறவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு அவர் உள்ளே போனார். மேல் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொரு கையில் போன். அதில் ஜமால் பாய், வேலை உடுப்போடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

அண்ணன் டம்ளரை வாயில் வைத்தார். எடுக்காமல் குடித்தார். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டை நனைந்தது. குடித்து முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார்.

பாய்தான் பேசினார். "என்ன அந்தோணி, இந்தத் தண்ணியயாச்சும் குடிச்சியா?"

அண்ணன் டம்ளரைப் போனுக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினார்.